நெற்றியில் மஞ்சள் இல்லாத குருவி

ரத்தோட்டை,
வியாழக்கிழமை காலை.

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்றாவது தடவையாக எழுதுகிறேன். முதலாவதை நானே கிழித்துப் போட்டேன். இரண்டாவதை உன் அம்மா வாங்கிப் படித்துவிட்டு, "இதுல முழுக்கக் குருவிதான் இருக்கு, உங்களையே காணோமே" என்று சொல்லி அடுப்பில் போட்டாள். இனி நான் எழுதுவதை அவள் பார்த்து, சரி என்று தலையாட்டினால்தான் தபாலில் சேர்ப்பாளாம். முப்பது வருஷம் தோட்டத்து டிஸ்பென்சரியில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் கசப்பு மருந்து அளந்து ஊற்றியவன் நான். என் முறை வரும்போது மட்டும் முகத்தைச் சுளிக்கக்கூடாது. அதனால் இதில் குருவியும் வரும், நானும் வருவேன். பொறுமையாகப் படி.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பூசையில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் கலியாண அறிவிப்பு, முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருடைய மகள் என்று சாமியார் என் பெயரோடு சேர்த்து உன் பெயரைச் சொன்னபோது பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த நாள் உன் அம்மா ரவிக்கை அளவு பார்க்க மாத்தளைக்கு வந்தாளே, அன்று பின்னேரம் திரும்பி வந்தவள் பையைக்கூட இறக்காமல் என் முன்னால் வந்து நின்றாள். கலியாணத்துக்கு முன்னால் சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்கு எப்போது போகிறாய் என்று உன்னிடம் கேட்டாளாம். போகப்போவதில்லை என்றாயாம். ஏன் என்று கேட்டதற்கு, "அங்க போய் என்ன சொல்லணும்னு அப்பாகிட்ட கேட்டுட்டு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டு உன் வகுப்புப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்த உட்கார்ந்துவிட்டாயாம். அது என்ன பேச்சு, உங்களுக்கு ஏதாவது விளங்குகிறதா என்று உன் அம்மா கேட்டாள். எனக்கு நன்றாக விளங்கியது. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் விளங்கவில்லை என்று சொன்னேன். பதினைந்து வருஷம் கழித்தும் முதலில் வாயில் வந்தது பொய்தான்.

ஆகவே சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு வளைத்து வளைத்து எழுதினாலும் பரவாயில்லை. உனக்குப் பத்து வயதாக இருந்தபோது, துரை பங்களா விறாந்தையில், நீ பொய் சொல்கிறாய் என்று நான் சொன்னேன். நீ சொன்னது உண்மை. அது உண்மை என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். தெரியாமல் செய்த பிழை என்று நீ இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தால், அந்த மரியாதைக்கும் நான் தகுதியில்லாதவன்.

துரையை உனக்கு ஞாபகம் இருக்கும். தேசத்துக்குச் சுதந்திரம் கிடைத்து, வெள்ளைத் துரைமார் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலத்தில் இவர் மட்டும் அசையவில்லை. பெண்டாட்டி, பிள்ளை கிடையாது. பழம் தின்னும் குருவிகள்தான் அவருக்குக் குடும்பம். ரிவர்ஸ்டன் பக்கத்து மேல் மலையிலிருந்து கீழே கொக்கோத் தோட்டம் வரைக்கும் துப்பாக்கியோடு அலைந்து, சின்ன ரவையில் சுட்டுக் கொண்டுவருவார். கொண்டுவந்ததைத் தோல் உரித்து, உள்ளே பாஷாணம் தடவி, பஞ்சு அடைத்து, தைத்து, காலில் சீட்டுக் கட்டி அலமாரி இழுப்பறையில் வைக்க வேண்டும். பாஷாணம், பஞ்சு, சின்னக் கத்தி மூன்றும் என் டிஸ்பென்சரியில் இருந்தன. மருந்துப் போத்தல்களில் நான் எழுதி ஒட்டும் எழுத்தும் அவருக்குப் பிடித்துப் போயிற்று. ஒரு நாள் கூப்பிட்டு அனுப்பினார். அதற்குப் பிறகு ஆறு வருஷம், ஞாயிறு பூசை முடிந்தால் எனக்குப் பங்களாதான். உன் அம்மா சமைத்த சோறு ஆறிப் போய்க் கிடக்கும்.

எதை எதோடு சேர்ப்பது என்பதில்தான் துரையின் உயிர் இருந்தது. குக்குறுவான் இருக்கிறதே, பச்சையும் நீலமும் சிவப்புமாய், பொழுதுக்கும் கத்திக்கொண்டு பழ மரத்திலேயே கிடக்கும். அதை நான் மாங்குயிலுக்குப் பக்கத்தில், பாட்டுக் குருவிகளோடு வைத்தேன். துரை அதன் காலைத் தூக்கிக் காட்டினார். முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல். பாட்டுக் குருவிக்கு முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. இது மரங்கொத்திக்குச் சொந்தம், நிறத்தையும் சாப்பாட்டையும் பார்த்து ஏமாறாதே, எடுத்து அந்தப் பக்கம் வை என்றார். பச்சைச்சிட்டு என்று நாம் சொல்லும் குருவியால்தான் பெரிய தொல்லை. பழைய புத்தகங்கள் அதைக் கொண்டைக்குருவிக் குடும்பத்தில் சேர்த்திருந்தன. பின்னால் வந்தவர்கள் அது தனிக் குடும்பம் என்று எழுதினார்கள். துரை ஒரு மழைக்காலம் அந்தப் பக்கம் பேசுவார், அடுத்த மழைக்காலம் இந்தப் பக்கம் பேசுவார். அவர் மனம் மாறும்போதெல்லாம் நான் இழுப்பறைச் சீட்டைத் திருப்பி எழுதுவேன். அந்தப் பாவப்பட்ட குருவி செத்த பிறகும் மூன்று தடவை வீடு மாறியது.

நீயும் குருவிகளை அடுக்கினாய். பழைய மருந்துச் சீட்டுகளின் பின்பக்கம் உன் கையெழுத்தில் இருந்தது. டிஸ்பென்சரிக்குப் பின்னால் நின்ற காட்டத்தியில் பழம் விழுந்தால், பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கேதான் போவாய். உன் கணக்கில் மூன்றே குடும்பம். முழுங்குகிறவர்கள், குத்திச் சாறு குடிக்கிறவர்கள், கிளையில் பின்பக்கத்தைத் தேய்க்கிறவர்கள். மூன்றாவது குடும்பம், மரக்கிளையில் ஒட்டி வளரும் குருவிச்சையின் பழம் தின்னும் பூக்கொத்திகள். கோந்துபோல ஒட்டும் அந்த விதையைக் கழித்துவிட அவை படும் பாட்டை நடுவீட்டில் நடித்துக் காட்டி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாய். யார் யாரோடு வருகிறார்கள், யார் யாருக்கு ஊட்டுகிறார்கள் என்றும் எழுதி வைத்திருந்தாய். ஒரு நாள், குருவிகள் செத்த பிறகு எது யாருடைய பிள்ளை என்று துரைக்கு எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்டாய். நான் அதை ஒரு தமாஷாகத் துரையிடம் போய்ச் சொன்னேன். துரை சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்றார். அதை உன்னிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அது சின்னக் குற்றம், என்றாலும் பெரியதற்கு முன்னால் வந்தது.

நம் நாட்டில் பச்சைச்சிட்டு இரண்டு வகை. மலைப்பக்கத்தில் இருப்பதற்கு நெற்றியில் பளிச்சென்று மஞ்சள், தொண்டையில் கறுப்பு. கீழ்நாட்டில் இருப்பதற்கு அந்த மஞ்சள் கிடையாது. ஒரு ஆவணி மாதம் துரை மேல் மலையிலிருந்து ஒன்றைச் சுட்டுக் கொண்டுவந்தார். மஞ்சளும் இல்லை, கறுப்பும் இல்லை, தலையெல்லாம் ஒரே பச்சை. கீழ்நாட்டுக் குருவிக்கு அந்த உயரத்தில் என்ன வேலை? இது இரண்டிலும் சேராத மூன்றாவது வகை, இதுவரை யாரும் பெயர் வைக்காதது என்று துரை சொன்னார். லண்டனில் உள்ள ஒரு மியூசியத்துக்கு அனுப்பப்போவதாகவும், இதைப் பற்றி எழுதும் கட்டுரையில், தோலைப் பதம் பண்ணியவர் என்று என் பெயரையும் சேர்ப்பதாகவும் சொன்னார். மகளே, பணம் காசு என்றால்கூட நான் யோசித்திருப்பேன். என் பெயர் அச்சில் வரும் என்றார். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றுப் பூச்சி மருந்து கொடுக்கிறவனின் பெயர் லண்டனில் ஒரு புத்தகத்தில். வீட்டுக்கு நடந்து வரும்போதே அந்தப் பக்கத்தை மனதில் ஏழெட்டுத் தடவை புரட்டிவிட்டேன்.

மறுநாள் மேசையில் வைத்து உரித்தேன். வாய் ஓரம் இன்னும் மஞ்சளித்து மெத்தென்று இருந்தது. தலைத்தோலைத் திருப்பினால் மண்டை ஓடு மெல்லிய கடுதாசிபோல், உள்ளே இருப்பது தெரிகிற அளவுக்கு. வளர்ந்த குருவியின் ஓடு அப்படி இருக்காது, தடித்து வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அது குஞ்சு. பறக்கத் தொடங்கி ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆன குஞ்சு. நெற்றி மஞ்சளாவதற்கு முன்னால் செத்துப்போயிருந்தது. சீட்டில் மண்டை ஓட்டைப் பற்றியும் எழுத வேண்டும் என்பது துரையின் கண்டிப்பான சட்டம். பேனாவை மையில் தொட்டேன். 'முழு வளர்ச்சி, ஓடு தடித்தது' என்று இங்கிலீஷில் என் அழகான எழுத்தில் எழுதினேன். எழுதிவிட்டு மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னையும் பங்களாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெருமையைக் காட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. துரை விறாந்தையில் மேசைபோட்டு, மூன்று பச்சைச்சிட்டுகளையும் வரிசையாக வைத்திருந்தார். பங்களாவில் சமையல் பார்த்த அப்பு தேத்தண்ணித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். துரை உன்னைக் கூப்பிட்டு, அவருடைய உடைந்த தமிழில், இது என்ன குருவி சொல்லு பார்ப்போம் என்றார். நீ குனிந்து பார்த்தாய். கை வைக்கவில்லை.

"இது குஞ்சு, துரை" என்றாய். "அத்தி மரத்துல இதே மாதிரி ரெண்டு இருக்கு. நெத்தியில மஞ்சள் உள்ளது வந்து பழம் ஊட்டிட்டுப் போகுது. நான் நாலு நாளா பார்த்தேன்."

துரை உன்னைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கோபமே இல்லாத பார்வை அது. உண்மையைத் தெரிந்துகொள்ள விரும்பும் ஒரு மனிதனின் பார்வை. நான் வேறு எதுவும் சொல்லியிருக்கலாம். சரியாகப் பார்க்கவில்லை போலும், வேறு குருவியாக இருக்கும், சின்னப் பிள்ளைதானே என்று ஏதாவது சொல்லியிருந்தால் உனக்கு இவ்வளவு பட்டிருக்காது. நான் சொன்னது இது: "பொய் துரை. இந்தப் புள்ளை எப்பவும் இப்படித்தான் கதை கட்டும்." நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். அழவில்லை. அப்பு தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். பங்களா அடுப்படியில் காலையில் விழுந்த பேச்சு பின்னேரம் லயத்தில் இருக்கும் என்பது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு தோட்டத்துப் பிள்ளைகள் உன்னைக் கண்டால், மஞ்சள் குருவி ஊட்டிச்சா என்று கேட்டுச் சிரித்தார்கள். நான் டிஸ்பென்சரி ஜன்னலால் அதைக் கேட்டுக்கொண்டு மருந்து கலக்கினேன்.

அத்தோடு விட்டிருந்தாலும் ஒரு தகப்பன் ஒரு தடவை செய்த கேவலம் என்று போயிருக்கும். ஆனால் இரண்டு கிழமையில் உனக்குப் புதுநன்மை, முதல் தடவை நற்கருணை வாங்கும் நாள், இருந்தது. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், பிள்ளை துரை முன்னால் பொய் சொல்லி என் மானத்தை வாங்கிவிட்டது என்றேன். அவள் என்னை நம்பினாள், நம்பாமல் என்ன செய்வாள். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. புதுநன்மைக்கு முந்தின சனிக்கிழமை, உன் முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு, உன்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனவன் நான். வாசலில் வைத்து, துரையிடம் பொய் சொன்னதைச் சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்றேன். "நான் பார்த்தேன்பா" என்றாய், அவ்வளவு மெதுவாக. சொல்லாவிட்டால் நாளைக்குப் புதுநன்மை கிடையாது, வெள்ளைக் கவுனை அம்மா மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவாள் என்றேன். உன் அம்மா அந்தக் கவுனுக்கு மூன்று மாதமாக ஊசி குத்திக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். நீ உள்ளே போனாய். நான் கடைசி வரிசைப் பலகையில், பின் வாங்கில் முழங்காலில் இருந்து, உன் செருப்பு திரைச்சீலைக்குக் கீழே தெரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து, கொடுத்த செபத்தைச் சொல்லி முடித்து, என் கையைப் பிடிக்காமல் நடந்தாய். பாலத்தடியில் வரும்போது, "சாமிகிட்டயே பொய் சொன்னா அது என்ன பாவம்பா?" என்று கேட்டாய்.

வாயை மூடிக்கொண்டு வா என்று சொன்னேன். மகளே, நீ உன் வாழ்க்கையில் ஒரு பொய் சொல்லியிருக்கிறாய் என்றால், அது பாவசங்கீர்த்தனத் தொட்டியில், பொய் சொன்னேன் என்று சொன்ன பொய்தான். அதைச் சொல்ல வைத்தவன் நான். ஒரு கத்தோலிக்கத் தகப்பன் தன் பிள்ளைக்குச் செய்யக்கூடிய இதைவிடப் பெரிய துரோகம் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. இதை நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது என்று எழுதப் பார்த்தேன். வெட்கம் இல்லை, பயமாக இருக்கிறது.

தை மாதம் லண்டனிலிருந்து பதில் வந்தது. துரை கூப்பிட்டனுப்பி வாசித்துக் காட்டினார். இது புதிய வகை அல்ல, சாதாரண மலைநாட்டுப் பச்சைச்சிட்டின் குஞ்சு என்று எழுதியிருந்தார்கள். துரை என்னைத் திட்டவில்லை. மண்டை ஓட்டைச் சரியாகப் பார்த்தாயா என்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். கடிதத்தை மடித்துவிட்டு, உன் மகள் சொன்னதுதான் சரி, அவளைக் கூட்டி வா, நான் அவளிடம் சொல்ல வேண்டும் என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது, யாரும் கிட்டே வரக்கூடாது என்றேன். தோட்டத்தில் எல்லாருக்கும் நான்தானே டொக்டரையா, டொக்டரையா சொன்னால் யார் மறுப்பார்கள். அடுத்த வருஷம் தோட்டம் கைமாறியது, துரை கப்பலேறிவிட்டார். நிம்மதியாகப் பெருமூச்சு விட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நீ அதற்குப் பிறகு அத்தி மரத்தடிக்குப் போகவில்லை. படிப்பாகிவிட்டது, பிள்ளை பொறுப்பாகிவிட்டது என்று உன் அம்மா சந்தோஷப்பட்டாள். உனக்குப் பதினான்கு வயதில் வயிறு வலித்ததே, அது எனக்கு இன்னும் மறக்கவில்லை. இரண்டு நாள் வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாய், ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் மயங்கி விழுந்த பிறகுதான், தேயிலை லொறியில் போட்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் குடல் வெடித்திருக்கும் என்றார்கள். டிஸ்பென்சருடைய மகள். கட்டிலில் படுத்திருந்த உன்னிடம், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க நம்புவீங்களான்னு தெரியலப்பா" என்றாய். கோபமே இல்லாமல், மழை வருமா தெரியவில்லை என்கிற மாதிரிச் சொன்னாய். நான் ஆஸ்பத்திரிக் கிணற்றடியில் போய் நின்று அழுதேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நீ குணமாகட்டும் என்று நினைத்தேன், பிறகு பரீட்சை முடியட்டும், பிறகு டீச்சர் வேலை கிடைக்கட்டும் என்று நினைத்தேன். கோழைக்கு எப்போதும் ஒரு நல்ல நாள் பாக்கி இருக்கும்.

இந்தப் பதினைந்து வருஷமும் நான் மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபப்பட்டேன், பூசைக்குப் பிந்தினேன், கணக்கப்பிள்ளையைப் பற்றிப் புறம் பேசினேன் என்று சில்லறையெல்லாம் எண்ணிக் கொடுத்துவிட்டு, இதை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு எழும்பி வந்து நன்மை எடுத்தேன். கோயிலில் செபமாலை சொல்ல என்னைத்தான் முன்னுக்கு விடுவார்கள். உன் அம்மா நீ சொன்னதை வந்து சொன்ன மறுநாள் பழைய கோயிலுக்குப் போகாமல், பஸ் ஏறிப் போய், என்னை அறியாத ஒரு இளம் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு உன் வயதுதான் இருக்கும். எல்லாம் கேட்டுவிட்டு, உங்க மனைவிக்குத் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். அங்கிருந்து தொடங்குங்கள் என்றார்.

உன் அம்மா உன் கலியாணச் சேலைக்குக் கரை தைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்தாள். பிறகு, "ரெண்டு நாள் எம்புள்ளைகூட பேசாம இருந்தேனே" என்றாள். அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதற்குப் பிறகு மறுநாள் காலைவரை என்னோடும் பேசவில்லை, பேசியபோது முதலில் கேட்டது கடிதம் எழுதியாயிற்றா என்பதுதான்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் இல்லை, என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து, நீ விரும்பாத ஒன்றை நான் பார்த்தேன் என்று வந்து நின்றால், முதலில் அது காட்டுகிற இடத்துக்குப் போய்ப் பார். டிஸ்பென்சரிக்கும் அத்தி மரத்துக்கும் இருபது அடி. நான் அந்த இருபது அடி நடக்கவில்லை. நடந்திருந்தால் நெற்றியில் மஞ்சள் உள்ளது ஊட்டுவதை நானும் கண்ணால் கண்டிருப்பேன், கண்ட பிறகும் பொய் சொல்லியிருப்பேனா என்பது எனக்கே தெரியாது. மாப்பிள்ளையிடமும் அப்படித்தான். உன்னிடம் தவறு கண்டால் பேசட்டும், ஆனால் நாலு பேர் முன்னால் உன்னைப் பொய்க்காரி என்று சொன்னால் ஒரு நிமிஷம்கூடப் பொறுக்காதே. எனக்காகப் பொறுத்தது போதும்.

சனிக்கிழமை.

மேலே உள்ளதை உன் அம்மா படித்தாள். இது பரவாயில்லை என்றாள். அவளிடமிருந்து வரும் பெரிய பாராட்டு அதுதான். தபாலில் போட உறையை ஒட்டப் போனபோது, துரையைத் தவிர, உன்னை நான் அவமானப்படுத்தியதைக் கேட்ட ஒரே சாட்சி இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று ஞாபகப்படுத்தினாள். பங்களா அப்பு இப்போது யட்டவத்தையில் மகள் வீட்டில் இருக்கிறார். நேற்று போனேன். மனிதர் மெலிந்துபோய், முற்றத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் டொக்டரையா என்று எழும்பப் பார்த்தார். நான் நின்றபடியே, அன்றைக்கு விறாந்தையில் என் மகள் சொன்னது உண்மை, பொய் சொன்னவன் நான், இதைச் சொல்லத்தான் வந்தேன் என்றேன்.

அவர் மிளகைக் கையால் பரத்திக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"எனக்குத் தெரியும் டொக்டரையா. லண்டன் கடுதாசி வந்தன்னைக்கே துரை என்கிட்ட சொன்னாரு. நீங்க பாப்பாவுக்கு அம்மைன்னு சொன்னீங்க. அன்னைக்குப் பின்னேரம் பாப்பா பீலியில தண்ணி புடிச்சுக்கிட்டு நிக்குது. எனக்கு மனசு கேக்கல. துரை சொன்னது, நீங்க சொன்னது எல்லாத்தையும் அதுகிட்ட சொல்லிட்டேன். லயத்துலயும் போய் எல்லாருக்கும் சொல்றேன்னேன். பாப்பா வேணாம்னுருச்சு. அம்மாகிட்டயும் சொல்லிராதீங்க மாமா, அப்பாவே சொல்லட்டும்னு சொல்லுச்சு."

நான் அந்த முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புவின் மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எப்படி பஸ்ஸுக்கு வந்தேன் என்று தெரியவில்லை.

உனக்குத் தெரியும். பத்து வயதிலிருந்தே தெரியும். நீ சொன்னதுதான் சரி என்று துரை சொன்னதும் தெரியும், நான் அம்மை என்று சொன்னதும் தெரியும். தெரிந்துகொண்டே லயத்துப் பிள்ளைகளின் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு போனாய். தெரிந்துகொண்டே எனக்குக் கைகழுவத் தண்ணீர் ஊற்றினாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னிடம் அப்படிச் சொன்னபோதும் தெரியும். உன் அம்மாவிடம்கூட வாய் திறக்கவில்லை, என் பெயரைக் காப்பாற்றினாய். ஊர் முழுக்கப் பொய்க்காரி என்று நான் பெயர் வாங்கிக் கொடுத்த பிள்ளை, என் பொய்யை எனக்காகப் பதினைந்து வருஷம் மூடிவைத்திருக்கிறது. திங்கட்கிழமை உன் அம்மாவிடம் சொல்லி அனுப்பினாயே, அது கோபம் என்று நினைத்து எழுத உட்கார்ந்தேன். வீட்டைவிட்டுப் போவதற்கு முன்னால் எனக்குக் கடைசியாக ஒரு சந்தர்ப்பம் கொடுத்திருக்கிறாய் என்று இப்போதுதான் விளங்குகிறது.

அப்படியென்றால் இவ்வளவு நீளக் கடிதத்தில் உனக்குத் தெரியாத செய்தி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மண்டை ஓட்டைத் திருப்பிப் பார்த்து, அறிந்தே எழுதினேன் என்பது. அது அப்புவுக்கும் தெரியாது, துரைக்கும் தெரியாது. அந்தச் சாமியாரைத் தவிர, உன் அம்மாவுக்கும் உனக்கும் மட்டும் சொல்லியிருக்கிறேன். மிச்சத்தை உனக்குத் தெரிவிப்பதற்காக எழுதவில்லை. என் வாயால் வர வேண்டும் என்று நீ காத்திருந்தாய், வந்துவிட்டது, இவ்வளவு பிந்தி.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறாயா இல்லையா என்று இனி இந்த வீட்டில் யாரும் உன்னைக் கேட்க மாட்டோம். போனால் அங்கே என்ன சொல்ல வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டு அனுப்பினாய் அல்லவா, என் பதில் இது: பத்து வயதில் அங்கே நீ சொன்னது உன் பாவம் இல்லை, என் பாவம். நான் சொல்லிவிட்டேன். உனக்கு அதில் பங்கில்லை. பலிபீடம் வரை உன்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது தகப்பனுடைய வேலை என்கிறார்கள். உனக்கு மனமில்லையென்றால் உன் மாமா கூட்டிப்போகட்டும், நான் பின் வாங்கில் இருப்பேன், ஒரு குறையும் நினைக்க மாட்டேன். நீ வருகிற வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருவாய். வந்ததும் உன் அம்மா முன்னாலேயே, நீ கேட்க நினைத்ததையெல்லாம் என்னிடம் கேள். எவ்வளவு நேரமானாலும் இருக்கிறேன். எதைக் கேட்டாலும் உள்ளதைச் சொல்வேன்.

இப்படிக்கு,
உன்னை நம்பியிருக்க வேண்டிய
அப்பா